மூன்றாம் தொட்டியில் ஓடியவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஞானப்பூ சுழல்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார். கையை எங்கும் ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து ஐந்து முறை உட்கார வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனை இது. கண்ணாடிக்கு வெளியே ஒலிவாங்கியோடு நின்ற டாக்டர் நப்பின்னை நேரமானியை அழுத்தினாள்.

"ஆரம்பிங்க அக்கா."

மூன்றாவது முறை எழும்போது ஞானப்பூவின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஐந்தாவது முறை உட்கார்ந்து முடித்தபோது பத்தொன்பது நொடிகள் ஆகியிருந்தன.

"பதினஞ்சுக்குள்ள வரணும்," என்றாள் நப்பின்னை. "உங்க குழுவில எல்லாரும் பன்னிரண்டுக்கு வந்துட்டாங்க."

"ஐம்பத்தெட்டு வயசாச்சுல்லா டாக்டரம்மா," என்றார் ஞானப்பூ. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

கூடத்தின் கதவுக்கு வெளியே இதே காரியத்தை அவர் ஒற்றைக் காலில் செய்துவிடுவார். வெளியே அவருடைய எடை ஒன்பது கிலோ. கூடம் சுற்றத் தொடங்கி, அதன் சுவரோரம் எல்லோரையும் அழுத்திப் பிடிக்கும்போதுதான் அது ஐம்பத்துநான்கு கிலோ ஆகும், பூமியில் இருப்பதைப் போல. அந்த எடையில் எழவும் நடக்கவும் முடிந்தால்தான் ஒருவர் பூமிக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

அவர்களுடைய ஊரின் பெயர் நிழற்பள்ளம். நிலாவின் தென்முனையில், வெயிலே படாத பள்ளங்களில் உறைந்து கிடக்கும் பனியை வெட்டி நீராக்கும் ஊர். மக்கள்தொகை நாலாயிரம். அங்கே யாருக்காவது ஐம்பது வயது நிறைந்தால், உணவுக்கூடத்தை நடத்தும் காதர் மொகிதீன் பெரிய அண்டாவில் கேசரி கிளறுவார். எல்லோரும் வந்து கை குலுக்கிவிட்டுப் போவார்கள். இரண்டாவது கரண்டியை யாரும் கேட்பதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களை எந்தக் கப்பலும் ஏற்றாது என்பது விதி. அந்தக் கேசரி வழியனுப்பும் விருந்துக்கு நேர் எதிரானது.

விதி சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் பூமியைச் சுற்றி விண்குப்பை பெருகி, ஏழு ஆண்டுகள் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பதின்மூன்று வருடம் இருக்க நேர்ந்தது. பாதை மறுபடி திறந்ததும் முதல் கப்பலில் ஐம்பதைக் கடந்த ஒன்பது பேர் போனார்கள். பூமியில் இறங்கிய பத்து நாட்களுக்குள் நான்கு பேர் இறந்தார்கள். ஆறில் ஒரு பங்கு எடைக்குப் பழகிய இதயத்தால் தலைக்கு ரத்தத்தை ஏற்ற முடியவில்லை. ஒரு பெண் ஒரே ஒரு படியில் கால் வைத்தபோது இடுப்பு முறிந்தது. மறு மாதமே பூமியில் இருந்த மீள்வாரியம் விதியை எழுதிவிட்டது. இப்போது ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஆயிரத்து நூறு பேர்.

ஞானப்பூவும் அவர் கணவர் செவத்தியானும் அந்த ஆயிரத்து நூறில் இருவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். செவத்தியான் நீர்த்தொட்டிகளின் பொறுப்பாளர், வயது அறுபத்தொன்று. ஞானப்பூவுக்குக் குழாய்களைப் பற்றவைக்கும் வேலை. பதின்மூன்று வயது மகள் ரெஜினாவை ஞானப்பூவின் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அவளுக்கு இப்போது முப்பத்தொன்று. அவள் வளர்ந்ததை எல்லாம் திரையில் பார்த்தார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நப்பின்னை சேலத்திலிருந்து வந்ததே இந்த விதியைச் சோதிக்கத்தான். ஐம்பதைக் கடந்த உடம்பு இழந்த பலத்தைப் பயிற்சியால் திரும்பப் பெறுமா? பெறும் என்று அவள் நம்பினாள், ஆனால் நம்பிக்கையை வாரியம் ஏற்காது. நாற்பது பேரைச் சேர்த்துக் குலுக்கல் போட்டாள். இருபது பேர் வாரத்துக்கு ஐந்து நாள் சுழல்கூடத்தில் பூமி எடையோடு பயிற்சி செய்தார்கள். மற்ற இருபது பேர் ஒப்பீட்டுக் குழு. அவர்கள் வழக்கம்போல இருந்தால் போதும். பதினெட்டு மாதம் கழித்து இரண்டு குழுக்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

குலுக்கலில் ஞானப்பூ சுழல்கூடத்துக்குப் போனார். செவத்தியான் ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தார். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னது நப்பின்னைக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவ நல்லா எந்திரிச்சு நடக்கட்டும் டாக்டரம்மா. நான் சும்மாதான இருக்கணும்? அது எனக்கு நல்லா வரும்."

பதினெட்டாம் மாதத்துச் சோதனைகள் முடிந்த அன்று மதியம், நப்பின்னை எண்களைத் திரையில் விரித்தாள். முதலில் குதிகால் எலும்பின் அடர்த்தி. சுழல்கூடக் குழுவுக்கு மூன்று சதவீதம் கூடியிருந்தது. அவள் மேசையைத் தட்டினாள். இதற்காகத்தான் நாலு வருடம்!

அடுத்து ஒப்பீட்டுக் குழு. பதின்மூன்று பேருக்கு ஒரு சதவீதம் குறைந்திருந்தது, எதிர்பார்த்தபடி. மீதி ஏழு பேருக்கு ஐந்து சதவீதம் கூடியிருந்தது.

அவள் திரைக்கு அருகில் போய் மறுபடி படித்தாள். ஐந்து. கருவி கெட்டுவிட்டதோ என்று, அடர்த்தி தெரிந்த அளவுக்கட்டையை வைத்துப் பார்த்தாள். கருவி சரியாக இருந்தது. பெயர்கள் மாறிப்போயினவோ என்று மாதிரி எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மாறவில்லை. ஏழு பேரின் தொடைத் தசையும் கூடியிருந்தது. கைப்பிடி வலுவும் கூடியிருந்தது. சும்மா இருக்கச் சொன்ன ஏழு பேர், பயிற்சி செய்த இருபது பேரை முந்தியிருந்தார்கள்.

இது பேரிடியா பெரிய பரிசா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாரியம் கூடுவதற்குப் பதினான்கு நாட்களே இருந்தன.

ஆய்வில் இருந்த எல்லோருடைய மணிக்கட்டிலும் அசைமானி என்ற பட்டை உண்டு. நாள் முழுக்க எவ்வளவு அசைகிறார்கள் என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். அந்த ஏழு பேரின் பதிவுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினாள். காலை, மதியம் எல்லாம் சாதாரணம். மாலை நான்கிலிருந்து நாலே முக்கால் வரை ஏழு கோடுகளும் நேராக ஓடின. ஒரு துளி நடுக்கம் இல்லை. தூங்குகிறவர்கூடப் புரளுவார். மூச்சு விடும்போது கை கொஞ்சமாவது அசையும். இந்தக் கோடுகள் மேசை மேல் வைத்த டம்ளர் மாதிரிக் கிடந்தன. பதினொரு மாதமாக, வாரத்துக்கு ஆறு நாள்.

கழற்றி வைத்துவிட்டு எங்கோ போகிறார்கள்.

அப்போது மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். பட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாள். ஏழும் ஒரே இடத்தில் இருந்தன, மூன்றாம் நீர்த்தொட்டியின் வாசலில். உள்பூச்சில் விரிசல் விட்டதால் இரண்டு வருடமாகக் காலியாக நிற்கும் தொட்டி அது.

நப்பின்னை தாழ்வாரங்களில் ஆறு ஆறு மீட்டராகத் தாவிப் போனாள். தொட்டியின் வாசலில் ஒரு கொக்கியில் ஏழு அசைமானிகள் சாவிக்கொத்து போலத் தொங்கின. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தடதடவென்று, நிற்காமல், மேளக்காரர்கள் கூடி அடிப்பது போல. அவள் ஏணியில் ஏறி, மேலே இருந்த பார்வைத் தளத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

பத்து மீட்டர் அகலமான தொட்டி. அதன் செங்குத்துச் சுவரில் மனிதர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தரையில் இல்லை, சுவரில். பாதங்கள் சுவரை உதைத்தன, தலைகள் தொட்டியின் நடுவை நோக்கி நீண்டிருந்தன. மேலிருந்து பார்க்க, ஒரு பெரிய சக்கரத்தின் ஆரக்கால்கள் பறந்து சுற்றுவது போல இருந்தது. எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. எல்லோரும் வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் நாலு சுத்து! விடாதீங்க, விடாதீங்க!" அது காதர் மொகிதீனின் குரல். அவர் மட்டும் மற்றவர்களைவிடக் கீழே, கிண்ணம் போல வளைந்த அடிப்பகுதியில், ஒரு காலை இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால், சட்டை முழுக்க நனைந்து, செவத்தியான்.

"அண்ணாச்சி!" என்று கத்தினாள் நப்பின்னை.

வேகம் குறைந்தது. குறையக் குறைய ஏழு பேரும் சுவரிலிருந்து வழுக்கி, கிண்ணத்தின் வளைவில் இறங்கி, அடியில் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைகள் போல மேலே பார்த்தார்கள்.

"என்ன செய்றீங்க?"

"ஓடுதோம்," என்றார் செவத்தியான்.

அவள் ஏணியில் இறங்கி உள்ளே வந்தாள். சுவரெல்லாம் செருப்புத் தடங்கள், கறுப்புக் கறுப்பாக.

"சின்னப் புள்ளையில எங்க ஊர்த் திருவிழாவுக்கு மரணக் கிணறு வரும் டாக்டரம்மா," என்றார் செவத்தியான், மூச்சு வாங்கியபடி. "பைக்குல சுவரு மேல சுத்துவான். வேகம் இருந்தா விழ மாட்டான். போன வருசம் இந்தத் தொட்டிக்குள்ள விரிசல் பாக்க வந்தேன். கிண்ணத்தைச் சுத்தி வேகமா நடந்தா உடம்பு சுவரு பக்கமா சாயிது. அப்பத்தான் தோணுச்சு. இங்கன நம்ம எடை ஆறுல ஒண்ணு. பைக்கு எதுக்கு? காலே போதுமே!"

வேகமாக ஓடினால் சுவரே தரையாகிவிடும். ஓடுகிறவரைச் சுவரோடு அழுத்துவது பூமி எடையில் பாதிக்கும் மேல். ஒவ்வோர் அடியிலும் குதிகாலில் விழும் அடியோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. நப்பின்னையின் மனம் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. முப்பது கோடி செலவில் கட்டிய சுழல்கூடத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் பயிற்சி செய்யலாம். இங்கே ஒரு காலித் தொட்டி!

ஆனால் வாயில் வந்தது கோபம். "உங்களை வழக்கம்போல இருங்கன்னுதானே கையெழுத்து வாங்கினேன்?"

"பதினோரு மாசமா இதுதான் எங்க வழக்கம்," என்றார் காதர். யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"சிரிக்காதீங்க பாய். நீங்க சும்மா இருந்தாத்தான் சுழல்கூடத்தோட பலன் தெரியும். இப்ப ரெண்டு குழுவுக்கும் பெருசா வித்தியாசமில்லாமப் போச்சு. வாரியம் என்ன சொல்லும்? பயிற்சியால ஒரு பிரயோசனமும் இல்லை, விதி அப்படியே இருக்கட்டும்னு எழுதி மூடிரும்."

இதை அவர்கள் யோசித்திருக்கவில்லை என்று முகங்களில் தெரிந்தது.

"ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

செவத்தியான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ தேறிருவா. கப்பல் ஏறிருவா. எனக்கு அது சந்தோசம்தான். ஆனா அவ போன பொறவு நான் இங்கன யாருக்குத் தண்ணி காய்ச்ச? கூடவே போயிரணும்னு ஒரு ஆசை. அவகிட்ட சொல்லல. தேறலன்னா அவளுக்கு ரெட்டை ஏமாத்தமாயிரும்லா."

நப்பின்னை அவரை வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஞானப்பூ அப்போதுதான் வேலை முடிந்து வந்து கையுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நப்பின்னை எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க ஞானப்பூவின் முகம் சிவந்தது. கடைசியில் கணவர் பக்கம் திரும்பினார்.

"பதினோரு மாசமாவா?"

"ஆமாட்டி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"நீ கவலைப்படுவேன்னுதான்…"

"கவலையா? ஏங்க, நான் ஒரு வருசமா வேணும்னே மெதுவா எந்திரிச்சுக்கிட்டு இருக்கேன்!" ஞானப்பூ கையுறையை மேசை மேல் எறிந்தார். "தேறிட்டா என்னைக் கப்பல்ல ஏத்திருவாங்க. நீங்க இங்கன ஒத்தையில கிடப்பீங்க. அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காலை நடுங்க வச்சு, சாஞ்சு விழப் பாத்து, என்னென்ன நாடகம்…"

நப்பின்னைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பூமியிலிருந்து கொண்டுவந்த அத்தனை நெறிமுறைகளையும் இந்தத் தம்பதி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருந்தார்கள்.

"அக்கா, இப்ப என்கூட சுழல்கூடத்துக்கு வாங்க," என்றாள். "நாடகம் இல்லாம ஒரு தடவை."

பதினொரு நொடி. கைகள் மார்பின் குறுக்கே, முதுகு நேராக. செவத்தியான் கண்ணாடிக்கு வெளியே நின்று கைதட்டினார்.

மறுநாள் காலை காதர் மொகிதீன் ஆய்வறைக்கு வந்தார். உணவுக்கூடத்து ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. வயது அறுபத்துநான்கு, அகலமான தோள்கள், இடது இடுப்பில் பழைய வலி.

"நாங்க ஏழு பேரும் பேசிட்டோம் டாக்டரம்மா. எங்க பேரை எடுத்துருங்க. பாதியில விலகிட்டாங்கன்னு எழுதுங்க. தொட்டியப் பத்தி யாருக்கும் தெரிய வேணாம். மிச்சம் பதிமூணு பேரோட ஒப்பிட்டா உங்க சுழல்கூடம் ஜெயிச்சிரும். இருபது பேராவது ஊருக்குப் போவாங்க."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஏழு வரிகளை நீக்கினால் போதும். ஞானப்பூ உட்பட இருபது பேர் கப்பல் ஏறலாம். அதன் பிறகு, சுழல்கூடத்தின் கொள்ளளவுக்கு, ஆண்டுக்கு ஒரு இருபது. ஆயிரத்து நூறு பேருக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகும்.

"யோசிக்கிறேன் பாய்," என்றாள் நப்பின்னை. மாலை நான்கு மணிக்கு, நல்ல பிடிப்புள்ள செருப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு மூன்றாம் தொட்டிக்குப் போனாள்.

"கிண்ணத்துலயே மூணு சுத்து ஓடுங்க," என்றார் செவத்தியான். "வேகம் பிடிச்சதும் சுவரைப் பாருங்க. தரையைப் பாத்தீங்க, போச்சு."

முதல் முறை கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் முறையும். மூன்றாம் முறை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. காலடியில் சுவர் கெட்டியானது. உடம்புக்குள் கனம் இறங்கியது. நான்கு வருடமாக மறந்திருந்த கனம், தோளில், வயிற்றில், கன்னத்துச் சதையில்கூட. இதயம் விலா எலும்பில் மோதியது. முன்னால் செவத்தியானின் முதுகு, பின்னால் யாருடைய கூச்சலோ. தானும் கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது ஐந்தாவது சுற்றில்தான் அவளுக்குத் தெரிந்தது.

கீழே வந்து மல்லாந்து படுத்தபோது அவள் முடிவெடுத்திருந்தாள்.

வாரியம் கூடிய நாளில் தலைவர் கோதண்டபாணி திரையில் தெரிந்தார். எழுபதைத் தாண்டியவர், மெலிந்த முகம். நிலாவிலிருந்து பேசினால் பதில் வர மூன்று நொடி ஆகும். நப்பின்னை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஏழு பேர், தொட்டி, கழற்றி வைத்த அசைமானிகள், ஞானப்பூவின் நாடகம். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்று நொடி. பிறகு இன்னும் பத்து நொடி.

"உங்கள் ஆய்வு முறிந்துவிட்டது, டாக்டர்," என்றார் கோதண்டபாணி.

"ஆமாம் ஐயா. ஆனால் முறிந்த இடத்தில் ஒன்று கிடைத்திருக்கிறது."

"அந்த ஒன்பது பேர் வந்த கப்பலுக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். தெரியுமா உங்களுக்கு? நான்கு வீடுகளுக்கு நானே நேரில் போனேன். எண்களை மட்டும் நம்பி இன்னொரு முறை என்னால் கையெழுத்துப் போட முடியாது."

"எண்களை நம்ப வேண்டாம். பார்த்து நம்புங்கள். ஏழு பேரும் உங்கள் கண் முன்னால் முழுச் சோதனையும் செய்யட்டும்."

"ஒருவர் மயங்கி விழுந்தாலும் அன்றோடு எல்லாம் முடிந்தது," என்றார் அவர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிழற்பள்ளத்தில் வேலை நின்றது. யாரும் விடுமுறை அறிவிக்கவில்லை. உணவுக்கூடத்தின் பெரிய திரைக்கு முன் ஊரே கூடியிருந்தது. சுழல்கூடம் சுற்றத் தொடங்கி, பூமி எடையை எட்டி நிலைத்தது. ஐந்து முறை எழுவதை ஏழு பேரும் பதின்மூன்று நொடிக்குள் முடித்தார்கள். ஒற்றைக் காலில் முப்பது நொடி நின்றார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை, எட்டு நிமிடத்துக்குள் நானூறு மீட்டர் நடை, கூடத்தின் ஓரமாக இருபது சுற்று. நெஞ்சில் ஒட்டிய கருவிகள் ஒவ்வொரு துடிப்பையும் பூமிக்கு அனுப்பின.

செவத்தியான் முதலில் நடந்தார். எட்டாவது சுற்றில் முகம் வெளுத்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற ஞானப்பூ கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டார். "அடியை மாத்தாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார், உள்ளே கேட்காது என்று தெரிந்தும். பன்னிரண்டாவது சுற்றில் செவத்தியானின் நிறம் திரும்பியது. பதினெட்டாவது சுற்றில் கையை வீசத் தொடங்கினார். ஆறு நிமிடம் இருபது நொடி! உணவுக்கூடத்திலிருந்து எழுந்த கூச்சல் இரண்டு தாழ்வாரம் தாண்டி நப்பின்னைக்குக் கேட்டது.

ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் முடித்தார்கள். ஏழாவதாகக் காதர் மொகிதீன் இறங்கினார். பதின்மூன்றாவது சுற்று வரை நன்றாகத்தான் நடந்தார். பிறகு இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நாலு அடி வைத்தார். நின்றார். விழவில்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மயக்கமில்லை, இதயம் சீராக இருந்தது, இடுப்பு மூட்டு மட்டும் ஒத்துழைக்கவில்லை.

கோதண்டபாணி திரையில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் மயங்கவில்லை," என்றார். "அந்தத் தொட்டியை எனக்கு ஒருமுறை காட்ட முடியுமா?"

இரண்டு மாதம் கழித்து, வாரியத்தின் தனி அனுமதியோடு இருபத்தாறு பேர் கப்பல் ஏறினார்கள், சுழல்கூடத்து இருபது பேரும் தொட்டியின் ஆறு பேரும். காதர் மொகிதீன் அன்றும் அண்டாவில் கேசரி கிளறினார். எல்லோரும் மூன்று கரண்டி, நான்கு கரண்டி என்று கேட்டு வாங்கினார்கள். பூமியில் இறங்கிய பத்தாம் நாளும், இருபதாம் நாளும், நாற்பதாம் நாளும் இருபத்தாறு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஐம்பதாம் நாள் வாரியம் விதியை நீக்கியது. வயது இனித் தடையில்லை. சோதனையில் தேறினால் போதும். ரெஜினா வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஞானப்பூ நப்பின்னைக்குப் பேசினார். "முப்பத்திரண்டு படி டாக்டரம்மா! நடுவுல ஒரே ஒரு தடவை நின்னேன். அவருக்குப் பொறாமை, ரெண்டு தடவை நின்னாரு."

நிழற்பள்ளத்தில் இப்போது மூன்று தொட்டிகள் காலியாக்கப்பட்டிருந்தன. காலை ஷிப்டுக்கு முன்பே வரிசை நின்றது. ஊரெங்கும் செருப்புக்குப் பிடிப்பு ஒட்டுவதைப் பற்றித்தான் பேச்சு. வாரியம் நப்பின்னையிடம் அடுத்த ஆய்வைக் கேட்டது. எவ்வளவு ஓடினால் போதும், யாருக்கு எது பொருந்தும், மூட்டு தேய்ந்தவர்களுக்கு வழி உண்டா? இருநூறு பேர் தேவை. ஓடும் குழுவுக்கு ஒரே நாளில் அறுநூறு பேர் எழுதிக்கொடுத்தார்கள். வழக்கம்போல இருக்க வேண்டிய ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒரு வாரமாகியும் ஒருவரும் வரவில்லை. நாலாயிரம் பேர் உள்ள ஊரில் சும்மா இருக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை.

எட்டாவது நாள் காதர் மொகிதீன் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன் டாக்டரம்மா. ஒப்பீட்டுக் குழுவுல என் பேரை எழுதிக்கிடுங்க."

"பாய்…"

"நான் சும்மா இருந்தாத்தான மத்தவங்க எவ்வளவு தேறுனாங்கன்னு தெரியும்? நீங்கதான சொன்னீங்க. எப்படியும் எனக்கு இந்த இடுப்பு." அவர் சிரிக்கப் பார்த்தார். "முன்னாடி ஆயிரத்து நூறு பேரு சேர்ந்து இருந்தோம். யாராலயும் போக முடியாது, அதனால யாருக்கும் வருத்தமில்ல. இப்ப ஒவ்வொருத்தரா வந்து, பாய், நாங்க தேறிட்டோம்னு சொல்லுதாங்க. கேசரி கிண்டிக் குடுக்கேன். சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா எனக்கும் ஏதாச்சும் ஒரு வேலை வேணும்லா."

நப்பின்னை நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினாள். பிறகு திரையில் இருந்த ஆய்வுத் திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தள்ளினாள். ஒப்பீட்டுக் குழு என்றிருந்த பத்தியைத் தேடி அழித்தாள்.

"இந்த ஆய்வில யாரும் சும்மா இருக்கப் போறதில்லை," என்றாள். "ஒரு குழு ஓடட்டும். இன்னொரு குழு நடக்கட்டும். முதுகில இங்க எடை பார்க்கும்போதே அறுபது கிலோ வர்ற சுமை, தண்டவாளம் மாதிரி ஒரு கைப்பிடி, தினமும் ஒரு மணி நேரம். இடுப்புக்கு அடி விழாது. எடை மட்டும் இறங்கும். ரெண்டு குழுவையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்ப்போம். நீங்க நடக்கிற குழுவில முதல் ஆள்."

"நடந்தா தேறிருவேனா?"

"தெரியாது."

காதர் மொகிதீன் நிமிர்ந்தார். "தெரியாதா?"

"தெரியாது பாய். இதுவரைக்கும் யாரும் செஞ்சு பார்த்ததில்லை."

அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. இத்தனை வருடங்களில் இந்த ஊரில் அவரிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, முடியாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்து ஊன்றி, வலித்த இடுப்பைப் பொருட்படுத்தாமல் எழுந்து நின்றார்.

"சுமை எங்கன இருக்கு?" என்று கேட்டார்.